காத்துக்குக் காத்திருப்பவன்: பாராகிளைடிங் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்த ஊர் தென்காசி, வேலை புனேயில். ஒன்பது வருடமாகப் பாராகிளைடிங் பறக்கிறேன். துணியில் தைத்த ஒரு சிறகு, அதிலிருந்து இறங்கும் மெல்லிய கயிறுகள், அதன் கீழே ஓர் இருக்கை, அவ்வளவுதான். மலைச்சரிவில் நாலடி ஓடினால் காற்று தூக்கிக்கொள்ளும். எஞ்சின் கிடையாது. நான் போட்டிக்குப் போகிறவனும் இல்லை, பயிற்சி கொடுப்பவனும் இல்லை. வார இறுதியில் புனே பக்கத்துக் காம்ஷெட் மலைகள், வருடத்துக்கு ஒரு தடவை இமாச்சலப் பிரதேசத்தில் பீர் என்கிற மலையடிவாரக் கிராமம்.

முதுகில் இருக்கிற பெரிய மூட்டையைப் பார்த்ததும் ரயிலிலும் கல்யாண வீட்டிலும் ஆபீசிலும் கேட்கிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். இப்போது நேரம் நிறைய இருக்கிறது. பீரில் அறை எடுத்து இது மூன்றாவது நாள். தகரக் கூரையில் மழை.

பத்து நாள் லீவு போட்டுப் போகிறீர்களே, பத்து நாளும் பறப்பீர்களா?

போன வருடம் பத்து நாளில் நாலு நாள் பறந்தேன். அதை நல்ல வருடம் என்றுதான் சொல்வேன். முதல் இரண்டு நாள் மழை. மூன்றாம் நாள் மழை விட்டது, ஆனால் மேகம் மலையின் பாதி உயரத்திலேயே படுத்துக்கொண்டது. மேலே போய் நின்றால் பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியவில்லை. நாலாம் நாள் பறந்தேன், பதின்மூன்று நிமிடம். ஏற்றிவிட ஒரு காற்றும் அகப்படாமல் நேராகக் கீழே வந்து இறங்கினேன். ஐந்து, ஆறு, ஏழு மூன்றும் அருமையான நாட்கள், அதில் ஆறாம் நாள் எனக்குக் காய்ச்சல். எட்டாம் நாள் காற்று அதிகம். ஒன்பதாம் நாள் பறந்தேன். பத்தாம் நாள் டெல்லி பஸ்.

பறக்கிறவர்களிடையே இதற்குப் 'பாராவெயிட்டிங்' என்று பெயர். நம் மொழியில் இன்னும் வசதி: பேச்சில் காற்றும் காத்துதான், காத்திருப்பதும் காத்துதான்.

வெயில் சுள்ளென்று அடிக்கிறது, வானம் நீலம். பிறகு ஏன் மூட்டையைப் பிரிக்காமல் உட்கார்ந்திருக்கிறீர்கள்?

அதிகம் வருகிற கேள்வி இதுதான். மழை பெய்தால் யாரும் கேட்பதில்லை. பளிச்சென்ற வெயிலில் முப்பது பேர் புல்லில் மல்லாந்து கிடப்பதைப் பார்த்தால்தான் சுற்றுலா வந்தவர்களுக்குச் சந்தேகம் வருகிறது.

வானத்தின் நிறம் பாதி விஷயம்கூட இல்லை. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதுதான் முக்கியம். மலையின் முகத்தில் மோதுகிற காற்றுக்கு மேலே ஏறுவதைத் தவிர வழியில்லை, அது நமக்கு வேண்டிய காற்று. முதுகுப் பக்கமிருந்து மலையைத் தாண்டி வருகிற காற்று நம் பக்கத்தில் உருண்டு விழும். குற்றாலத்தில் சிற்றாறு பாறைகளுக்கு நடுவே ஓடுகிற இடத்தைப் பார்த்திருப்பீர்கள். பாறைக்கு முன்னால் தண்ணீர் வழுவழுவென்று ஏறி வரும், பின்னால் நுரைத்துச் சுழலும். மலைக்குப் பின்னால் காற்றும் அப்படியேதான் சுழல்கிறது, ஆனால் நுரை இல்லை. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இதை ரோட்டர் என்பார்கள்.

என் சிறகுக்கு எலும்பு கிடையாது. முன்விளிம்பில் வரிசையாக இருக்கிற திறப்புகள் வழியே காற்று புகுந்து உப்பித்தான் அது சிறகாக நிற்கிறது. ரோட்டரில் மாட்டினால் ஒரு பக்கம் குடை மடங்குவதுபோல மடங்கிவிடும். உயரத்தில் நடந்தால் பெரும்பாலும் தானாகத் திறந்துகொள்ளும். மலைக்குப் பக்கத்தில் நடந்தால் திறக்க நேரம் இருக்காது.

இதில் ஏமாற்று வேலையும் உண்டு. பின்காற்று அடிக்கிற நாளில்கூட, வெயிலில் சூடான சரிவிலிருந்து காற்று ஏறி வந்து, ஓடிக் கிளம்புகிற இடமான டேக்-ஆஃபில் மட்டும் எல்லாம் சரியாக இருப்பதுபோலக் காட்டும். அதனால் நான் ஒரு குச்சியில் சிவப்பு ரிப்பன் கட்டிப் புல்லில் நட்டுவிட்டு இருபது நிமிடம் அதையே பார்ப்பேன். இரண்டு நிமிடம் ரிப்பன் அழகாக என் முகத்தைப் பார்த்து ஆடும். அப்புறம் தொய்ந்து குச்சியோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மெதுவாக எழுந்து பள்ளத்தாக்குப் பக்கம் நீட்டும். மூன்றாவதைப் பார்த்துவிட்டால் டீ சொல்லிவிடலாம்.

எவ்வளவு காற்று இருந்தால் பறக்கலாம்?

என் கிளைடர் சாதாரணமாக மணிக்கு 38 கிலோமீட்டர் வேகத்தில் போகும். எதிர்க்காற்றும் 38 என்றால் வானத்தில் ஆணி அடித்த மாதிரி நிற்பேன். அதற்கு மேல் போனால் பின்னால் போவேன், பின்னால் இருப்பது மலை. டேக்-ஆஃபில் 10 முதல் 20 கிலோமீட்டர் எனக்கு வசதி. 25-ஐத் தாண்டினால் கட்டிவைத்துவிடுவேன்.

எண்ணைவிட அது எப்படிக் குதிக்கிறது என்பது முக்கியம். நிலையாக 20 அடிக்கிற காற்று நல்ல காற்று. 12-க்கும் 26-க்கும் நடுவே ஏறி இறங்குகிற காற்றுக்குச் சராசரி 19 வரலாம், ஆனால் அந்த நாளில் நான் போக மாட்டேன். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது: 20 கிலோமீட்டர் 28 ஆனால், தள்ளுகிற பலம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோம், நானும் என் மூட்டையும் சேர்ந்து நூறு கிலோகூட இல்லை.

எஞ்சின் இல்லாமல் மூன்று மணி நேரம் எப்படி மேலேயே இருக்கிறீர்கள்?

கிளைடர் எப்போதும் கீழேதான் இறங்கிக்கொண்டிருக்கிறது, விநாடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்று மேல். அதைவிட வேகமாக மேலே ஏறுகிற காற்றுக்குள் புகுந்து வட்டமடித்தால் காற்றோடு சேர்ந்து நாமும் ஏறுவோம். அந்த ஏறுகாற்றுக்குத் தெர்மல் என்று பெயர். வெயிலில் பாறையும் காய்ந்த வயலும் சூடாகி, அவற்றின் மேலிருக்கும் காற்று இலேசாகிப் பிய்த்துக்கொண்டு கிளம்புகிறது. ஏறும்போது அது 100 மீட்டருக்கு 1 டிகிரி குளிரும். சுற்றியிருக்கிற காற்று அதைவிடக் குளிராக இருக்கும்வரை ஏறிக்கொண்டே போகும். நடுவில் எங்காவது வெதுவெதுப்பான அடுக்கு ஒன்று மூடிபோலக் கிடந்தால் அங்கேயே நின்றுவிடும். வானம் தெளிவாக, காற்று அமைதியாக இருந்தும் எல்லாரும் கால் மணியில் கீழே வந்து விழுகிற நாட்களுக்குப் பெரும்பாலும் இந்த மூடிதான் காரணம்.

இருக்கையில் வேரியோ என்றொரு சின்னக் கருவி. ஏறினால் பீப் பீப் என்று துள்ளும், இறங்கினால் முனகும். என் லீவின் மதிப்பைச் சொல்வது அந்தப் பீப்தான்.

பீரில் ஒரு நல்ல நாள் எப்படி இருக்கும்?

பீர் கிராமம் காங்ரா மாவட்டத்தில், தவுளதார் மலைத்தொடரின் காலடியில் இருக்கிறது. டேக்-ஆஃப் இருக்கிற இடம் பில்லிங், சுமார் 2,400 மீட்டர். கீழிருந்து 14 கிலோமீட்டர் ஜீப் பயணம். 2015 அக்டோபரில் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி இங்கே நடந்தது. அதற்குப் பிறகு கூட்டம் கூடிவிட்டது, அது வேறு கதை. தெற்கு பார்த்த சரிவு என்பதால் காலையிலிருந்தே வெயில் விழுகிறது.

ஏழு மணிக்கு எழுந்ததும் முதலில் பார்ப்பது புகையை. ஊரில் யாராவது அடுப்பு மூட்டியிருப்பார்கள். இராத்திரி குளிர்ந்த காற்று மலையிலிருந்து இன்னும் வழிந்துகொண்டிருந்தால் புகை பள்ளத்தாக்குப் பக்கம் சாயும். ஒன்பதரைக்கு நிமிர்ந்து நிற்கும். அப்புறம் மலைப் பக்கம் சாயத் தொடங்கும். அப்போது ஜீப்புக்குக் கூப்பிட்டால் சரியாக இருக்கும். பில்லிங்கில் பதினோரு மணி. மேகி ஒரு தட்டு. யாரும் கிளம்ப மாட்டார்கள். ஒருவர் போய் ஏறுகிறாரா விழுகிறாரா என்று மற்றவர்கள் பார்ப்பார்கள். எங்கள் உலகத்தில் முதலில் போகிறவர்தான் வெள்ளோட்டம், அந்தப் பட்டம் யாருக்கும் வேண்டாம்.

போன வருடம் ஏழாம் நாள் எனக்கு முன்னால் போனது மனிதன் இல்லை. வலப்பக்க முகட்டில் இமாலயப் பாறு ஒன்று உட்கார்ந்திருந்தது. அதற்கும் காற்று வேண்டும். இறக்கை அடித்துப் பறக்க அதற்கு மனசே இல்லை, என்னைப்போலவே. பதினொன்று நாற்பதுக்குச் சட்டென்று தாவியது. இரண்டு வட்டம் அடித்தது. ஒரு தடவைகூட இறக்கையை அசைக்கவில்லை, ஆனால் எங்கள் தலைக்கு மேல் போய்விட்டது. அடுத்த நிமிடம் ஆறு பேர் ஒன்றாக எழுந்து ஹெல்மெட் மாட்டினோம்.

அன்றைக்கு அதே பறவையோடு, அல்லது அதன் சொந்தக்காரரோடு, ஒரே தெர்மலில் சுற்றினேன். ஒரு வட்டத்தில் எனக்கு இருபது மீட்டர் தள்ளி வந்தது. கழுத்தைத் திருப்பி என்னை ஒருமுறை பார்த்தது. இறக்கை நுனியில் விரல்போல விரிந்த இறகுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நடுங்குவது தெரிந்தது. நான் வட்டத்தை விட்டு வெளியே நழுவினேன். அது நழுவவில்லை.

மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டுவரை தெர்மல் முரட்டுத்தனமாக இருக்கும், உடம்பெல்லாம் குலுங்கும். எனக்குப் பிடித்தது நாலு மணிக்கு மேல். வெயில் சாய்ந்ததும் பகலெல்லாம் சூடேறிய பள்ளத்தாக்கு அந்தச் சூட்டை மெதுவாக விடும், அகலமான, அலுங்காத ஏற்றம். கையை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் இருட்டுவதற்குள் இறங்க வேண்டும், அக்டோபர் கடைசியில் இங்கே ஆறு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும்.

இப்போதுதான் ஆப் எல்லாம் வந்துவிட்டதே. முதல் நாளே பார்த்துவிட்டுப் போகக் கூடாதா?

பார்க்கிறோம், வெறி பிடித்த மாதிரிப் பார்க்கிறோம். என் போனில் நாலு ஆப் இருக்கிறது, நாலும் நாலு சொல்லும். நான் ஆசைப்படுவதைச் சொல்கிற ஆப்பை அன்றைக்கு நம்புவேன்.

கோளாறு ஆப்பில் இல்லை. அவற்றின் பின்னால் இருக்கிற கணினி மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாக வெட்டிக் கணக்குப் போடுகின்றன. மிக நல்லது என்று பேர்வாங்கிய ஐரோப்பிய மாதிரியின் கட்டமே சுமார் 9 கிலோமீட்டர் அகலம். பில்லிங்கின் முகடும் பீரின் வயலும் ஏறத்தாழ ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். அந்தக் கணக்குக்கு அங்கே மலையே ஒரு மழுங்கிய மேடுதான். அதனால் ஆப்பில் நான் பார்ப்பது பெரிய விஷயங்களை மட்டும்: 3,000 மீட்டர் உயரத்தில் காற்று எவ்வளவு, மத்தியதரைக் கடல் பக்கமிருந்து மழை கொண்டுவரும் மேற்கத்திய இடையூறு ஏதாவது வருகிறதா, மழை எந்த நாளில் விடும். மீதியை இங்கே வந்து புகையிடம்தான் கேட்க வேண்டும்.

மனக்கணக்கு ஒன்று சொல்கிறேன், எல்லாருக்கும் பயன்படும். தரையில் வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (காற்றிலிருக்கும் ஈரம் பனித்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை) உள்ள வித்தியாசத்தை 125-ஆல் பெருக்கினால், மதியம் மேகத்தின் அடிப்பகுதி தரையிலிருந்து எத்தனை மீட்டரில் நிற்கும் என்று தோராயமாகத் தெரியும். 24 டிகிரி, பனிநிலை 10 என்றால் 1,750 மீட்டர். எனக்கு அது நல்ல நாள். வித்தியாசம் 5 டிகிரிதான் என்றால் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன்.

எங்கள் பாட்டி தட்டான் தாழப் பறந்தால் மழை என்பாள். ஐந்தாவது ஆப்பாக அதையும் வைத்திருக்கிறேன்.

மேகம் உள்ளே இழுத்துக்கொள்ளுமாமே, நிஜமா?

நிஜம். பஞ்சுப்பொதி மாதிரிச் சின்ன மேகம் நல்லது, அடியில் தெர்மல் இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கிறது. அதுவே காலிஃபிளவர் மாதிரி உயரமாக வளர ஆரம்பித்து, அடிப்பகுதி கறுத்துப் பரந்தால், அதன் கீழே இருக்கக் கூடாது. இடிமேகத்துக்குள் காற்று ஏறுகிற வேகம் விநாடிக்கு 20 மீட்டரைத் தாண்டும். இறங்குவதற்கு என்னிடம் இருக்கிற சுலபமான வழி சிறகின் இரண்டு முனைகளையும் மடக்குவது. 'காது மடக்குவது' என்போம். அதில் விநாடிக்கு மூன்று, நாலு மீட்டர் இறங்கலாம். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

2007 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் மனில்லாவில் உலகப் போட்டிக்கு முந்தைய பயிற்சியின்போது ஜெர்மன் அணியின் ஏவா விஸ்னியர்ஸ்காவை இடிமேகம் இழுத்துக்கொண்டது. அவருடைய ஜிபிஎஸ்ஸில் பதிவான உயரம் 9,946 மீட்டர், எவரெஸ்ட்டைவிட ஒரு கிலோமீட்டர் மேலே. மேலே அவர் நினைவு தப்பிவிட, கிளைடர் ஆளில்லாததுபோலத் தானாகவே அரை மணிக்கு மேல் பறந்தது. அப்புறம் அவர் கண் விழித்து உயிரோடு இறங்கினார். அதே புயலில் மாட்டிய சீன வீரர் பிழைக்கவில்லை. இரண்டு பேரும் கத்துக்குட்டிகள் இல்லை.

பறந்துகொண்டிருக்கும்போதே வானிலை மாறினால்?

அதற்கு முன்பே இறங்கியிருக்க வேண்டும். இது புத்திசாலித்தனமான பதில். என்னுடைய பதில் வேறு.

ஒரு மே மாதம் இதே பீர். கோடையில் மதியத்துக்கு மேல் இடி வருவது இங்கே வழக்கம், எனக்கும் தெரியும். மேற்கே தரம்சாலாப் பக்கம் மேகம் கறுத்திருந்தது, முப்பது கிலோமீட்டராவது இருக்கும், நம்மிடம் வராது என்று நினைத்தேன். மழை வரவில்லைதான். ஆனால் இடிமேகத்திலிருந்து கொட்டுகிற குளிர்ந்த காற்று தரையில் விழுந்து நாலாபக்கமும் ஓடும், மேகத்துக்குப் பல கிலோமீட்டர் முன்னாலேயே வந்துவிடும். முதலில் கீழே மேற்குப் பக்கத்து வயல்களில் தூசி எழும்பியது. அப்புறம் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய மரங்கள் வரிசையாக இலையின் வெள்ளைப் பக்கத்தைக் காட்டின. யாரோ தடவிக்கொண்டே வருவதுபோல அந்த வெள்ளைக் கோடு என்னை நோக்கி வந்தது. நான் இன்னும் 300 மீட்டர் உயரத்தில்.

காதை மடக்கினேன், வேகம் கூட்டுகிற ஸ்பீட்பாரை மிதித்தேன், வழக்கமான இறங்குமிடத்தை மறந்துவிட்டு நேர் கீழே இருந்த அறுத்த வயலைப் பார்த்தேன். கால் தரையில் பட்ட பிறகு பத்தெண்ண நேரம் இருந்தது. அதற்குள் சிறகைச் சுருட்டி அதன் மேல் உட்கார்ந்தேன். காற்று வந்தது. சிறகு எனக்கு அடியில் பன்றிக்குட்டி மாதிரி நெளிந்தது. வயல்காரர் வரப்பில் நின்று இதையெல்லாம் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் என் ஹெல்மெட்டைத் துரத்திப் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

அதிலிருந்து மே மாதத்தில் மதியம் ஒரு மணிக்கு மேல் நான் வானத்தில் இருப்பதில்லை.

அப்படியானால் எந்த மாதம் போகலாம்?

பீருக்கு அக்டோபர், நவம்பர். மார்ச் முதல் ஜூன் வரையும் பறப்பார்கள், மேலே சொன்ன இடி விஷயம் உண்டு. மழைக்காலத்தில், ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை, இமாச்சலத்தில் தடை. காம்ஷெட்டில் அக்டோபரிலிருந்து மே வரை.

தமிழ்நாட்டில் ஏன் பறப்பதில்லை? மலை இல்லையா, காற்று இல்லையா?

இரண்டும் இருக்கிறது, தேவைக்கு மேலேயே. ஏலகிரியில் பாராகிளைடிங் நடந்திருக்கிறது. ஆனால் நம் மலைகள் பெரும்பாலும் மேற்கில் இருக்கின்றன, நாம் அவற்றின் கிழக்கே. தென்மேற்குப் பருவத்தில் காற்று கேரளப் பக்கம் ஏறி, நம் பக்கம் விழுகிறது. முன்பு சொன்ன பாறைக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர் நாம்தான். கணவாய்களில் இன்னும் மோசம். ஆரல்வாய்மொழியிலும் முப்பந்தலிலும் காற்றாலைகளைக் காரணமில்லாமல் நட்டுவைக்கவில்லை. சாரல் மாதத்தில் ஊருக்குப் போனால் கிளைடரைப் புனேயிலேயே விட்டுவிட்டுப் போவேன். குளிக்க மட்டும் போவது.

பறக்காத நாளில் என்னதான் செய்வீர்கள்?

திபெத்தியர் குடியிருப்பில் தென்துக் என்கிற நூடுல்ஸ் சூப் குடிப்பேன். ஈரமான கயிறுகளைப் பிரித்துக் காயப்போடுவேன். பைஜ்நாத் கோயிலுக்கு நாலு தடவை போயாகிவிட்டது. 1204-இல் கட்டிய சிவன் கோயில், கல்லில் நல்ல வேலைப்பாடு. வைத்தியநாத் என்பதுதான் பைஜ்நாத் ஆகியிருக்கிறது, நம் வைத்தீஸ்வரன் கோயில் சாமியேதான்.

மூன்றாம் நாளுக்கு மேல் சலிப்பு வரும். உண்மையில் ஆபத்து அங்கேதான். முதல் நாளில் யாரும் மோசமான காற்றில் கிளம்புவதில்லை. லீவு தீர்கிற நாளில், 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே' என்று கிளம்புகிறார்கள். எட்டாம் நாள் என் கை தானாகவே மூட்டையின் ஜிப்பைத் திறந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நான் டான்டெம் (பைலட்டோடு ஒரே சிறகில் பயணியாக) போக வந்திருக்கிறேன். காற்று சரியில்லை என்று இரண்டு மணி நேரமாக உட்காரவைக்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

இல்லை, அவர் நல்ல பைலட். உட்காரவைக்காதவரைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். ஒரு தடவை எல்லாரும் மூட்டையைக் கட்டிய பிறகும் ஒருவர் பயணிகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, 'பணம் வாங்கியாச்சு' என்றார். உங்களிடம் இப்படிச் சொன்னால் பணத்தை விட்டுவிட்டு ஜீப்பில் இறங்குங்கள்.

நிறையச் செலவாகுமா?

சிறகு, ஹார்னஸ் என்கிற இருக்கை, ரிசர்வ் பாராசூட் எல்லாம் புதிதாக வாங்கினால் சில லட்சம். பறந்த நேரத்தால் அதை வகுத்துப் பார்க்காதீர்கள். நான் ஒரு தடவை பார்த்தேன்.

வீட்டில் ஒன்றும் சொல்வதில்லையா?

அப்பா இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. அம்மா தினமும் இராத்திரி கூப்பிடுவாள். இன்றைக்குக் கொஞ்சம் முன்னால்தான் கூப்பிட்டாள்.

"இன்னைக்குப் பறந்தியா?"

"இல்லம்மா, மழை."

"நல்லது. சாப்பிட்டியா?"